ஜோடி இருபது ரூபா!

'மீன்'னு சொன்னதும் குழம்பா, வறுவலான்னு கேக்கறவங்க எல்லாம் கொஞ்சம் ஓரமா நில்லுங்க பாஸ். இது வாணலிக்குப் போற மீன் இல்ல. மொத்த நீளமே மூணு, நாலு சென்டிமீட்டர்தான். உடம்புல நீலக்கோடு போட்டு, ஸ்கூல் யூனிஃபார்ம் மாட்டின பையன் மாதிரி இருக்கும். ஆனா உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்கள்ல இதுக்கு நடக்கிற உபசாரம் இருக்கே... மாப்பிள்ளை தோத்துப் போவாரு! பேரு, ஜீப்ரா மீன். இதைத் தேடி ஒரு நாள் முழுக்க சென்னைக்குள்ளயே சுத்தினேன்.

ஃபர்ஸ்ட் ஸ்டாப், கொளத்தூர். வண்ணமீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பேர் போன ஏரியா. ரெட்டேரி பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரிச்சுக்கிட்டே நடந்தா, கொஞ்ச நேரத்துல சத்தமே வழி சொல்லிடுது. கடைக்குக் கடை மோட்டார் ஓடுற சத்தம், தண்ணிக்குள்ள காத்து குமிழி விடற சத்தம். தரையெல்லாம் ஈரம். ஒரு ஆள் பிளாஸ்டிக் கவர்ல பாதி தண்ணி, மீதி ஆக்சிஜன்னு நிரப்பி, சடக்குனு ரப்பர் பேண்ட் போடறார். டூவீலர் ஹேண்டில்ல மீனோட தொங்குற கவரைப் பார்த்தா, ஏதோ கல்யாண வீட்டு ஜூஸ் பாக்கெட் மாதிரியே இருக்கு.

"அண்ணே, ஜீப்ரா இருக்கா?"

"எத்தினி வேணும் தம்பி?"

"ஒரு ஜோடி."

மேலயும் கீழயும் பார்த்தார். "ஜோடி இருபது ரூபா. ஆனா இது கூட்டமா சுத்துற மீனுப்பா. ரெண்டே ரெண்டு வுட்டா மிரண்டுக்கும். ஆறாவது எடு."

எடுத்தேன். அதே தொட்டியில கோட்டுக்குப் பதிலா புள்ளி போட்டது சில, வெளிறின பொன் நிறத்துல சில. "அது வேற மீனா அண்ணே?"ன்னு கேட்டா, "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போயிட்டார். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு மத்தியானம்தான் புரிஞ்சது.

பஸ்ல உக்காந்து கவரை மடியில வச்சுக்கிட்டு யோசிச்சா, இந்த மீனோட ஊர்க்கதையே ஒரு டிராவல் ஸ்டோரி. பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800-ல இதே மெட்ராஸ்லேர்ந்து கிளம்பி மைசூர், கன்னடக் கரை, மலபார்னு சுத்தி, பார்த்ததையெல்லாம் எழுதி வச்ச ஆளு. அப்புறம் வங்காளம், பீகார் பக்கம் போனவர் ஆத்து மீனுங்களையும் விடல. ஹாமில்டன்னு பேரை மாத்திக்கிட்டு 1822-ல அவர் போட்ட கங்கை மீன்கள் புத்தகத்துலதான் நம்ம ஜீப்ரா மீன் முதன்முதலா அறிவியல் பதிவேட்டுல ஏறுது. கோசி ஆத்துல கிடைச்ச சின்ன மீன். கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளுக்குப் போய்ச் சேர்ற ஓடைகள், வயல் வாய்க்கால், குட்டைகள்தான் அதோட சொந்த வீடு. அங்கேர்ந்து தொட்டி வளர்ப்புக்காரங்க மூலமா கப்பலேறி, உலகத்துல இருக்கிற செல்லப்பிராணிக் கடைக்கெல்லாம் போயிடுச்சு.

1960-களோட கடைசியில அமெரிக்காவுல, ஓரிகன் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர்னு ஒரு விஞ்ஞானி. அதுவரைக்கும் பாக்டீரியாவைத் தாக்குற வைரஸை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவர், முதுகெலும்பு இருக்கிற ஒரு சின்னப் பிராணி வேணும்னு தேடி, இந்த மீன்ல வந்து நின்னார். அவர் வளர்த்த மீன்கள் வந்தது கடையிலேர்ந்துதான். ஆமா பாஸ், கொளத்தூர் மாதிரி ஒரு கடை! 1981-ல 'நேச்சர்' இதழ்ல அவரோட கட்டுரை வந்தப்புறம்தான் மத்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

சரி, மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மீன் மேல என்ன திடீர் பாசம்? சொல்லிடறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கிளம்பும்போது டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டி, "இந்த இடத்துல தசை செத்துப்போச்சுப்பா. அது திரும்ப வராது, தழும்பாத்தான் நிக்கும். மீதி இருக்கிறதைக் காப்பாத்திக்கணும்"னார். வெட்டின கை காயம் ஆறுது, உடைஞ்ச எலும்பு கூடுது, இது மட்டும் ஏன் வராதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல வலையில மாட்டினது இந்த மீன்.

செகண்ட் ஸ்டாப், ஊரோட இன்னொரு கோடியில ஒரு ஆராய்ச்சிக்கூடம். பிஹெச்.டி. பண்ற அக்கா ஒருத்தங்க சுத்திக்காட்ட ஒத்துக்கிட்டாங்க. பெருமையா கவரைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான், கதவை அடைச்சு நின்னுட்டாங்க.

"ஐயோ தம்பி, அது உள்ள வரக்கூடாது! வெளிமீன்ல ஏதாவது நோய் இருந்தா எங்க மொத்த ஸ்டாக்கும் காலி. வாட்ச்மேன் ரூம்ல வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, செருப்பை மாத்திட்டு வா."

உள்ள போனா முகத்துல வெதுவெதுன்னு ஒரு ஈரக்காத்து. தண்ணி எப்பவும் 28.5 டிகிரியில இருக்கணுமாம். குளிர் நாட்டுக்காரங்க ஹீட்டர் போட்டு மெட்ராஸை உண்டாக்கிக்கணும்! அடுக்கு அடுக்கா பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு. பம்ப், ஃபில்டர், புற ஊதா விளக்குன்னு தண்ணி சுத்தமாகி சுத்தமாகித் திரும்ப வருது. பைப் லைனைப் பார்த்ததும் நம்ம டிபார்ட்மென்ட் மாதிரி இருந்துச்சு. பதினாலு மணி நேரம் வெளிச்சம், பத்து மணி நேரம் இருட்டுன்னு டைமர் வேற. விடிஞ்சு லைட் வந்ததும்தான் முட்டை போடும். ஒரு ஜோடி வாரத்துக்கு 200 முட்டைக்கு மேல போடுமாம்.

சீட்டுல ஒரு பேரு கண்ணுல பட்டுது. 'விக்'. விரிச்சா 'வைல்டு இந்தியா கொல்கத்தா'. நம்ம நாட்டுல பிடிச்ச காட்டு மீனோட வம்சம். ஆனா ஆராய்ச்சி உலகத்துல அது பிரபலமானது ஜெர்மனி வழியா. அங்க ட்யூபிங்கன் நகரத்துல கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஆயிரக்கணக்கான தொட்டி வச்சு, எந்த ஜீன் கெட்டா எந்த உறுப்பு கோளாறாகுதுன்னு தேடினாங்க. இவங்க ஈயில பண்ணின ஆராய்ச்சிக்காக 1995-ல நோபல் பரிசு வாங்கினவங்க. இவங்க குழுவும் அமெரிக்காவுல பாஸ்டன் குழுவும் கண்டுபிடிச்சதை 1996 டிசம்பர்ல 'டெவலப்மென்ட்' இதழ் மொத்தமா ஒரே இதழா போட்டுச்சு. இந்த மீனோட முழு ஜீன் வரிசை 2013-ல வெளியானப்போ, மனுஷ ஜீன்கள்ல சுமார் 70 சதவிகிதத்துக்கு மீன்ல ஒரு சொந்தக்காரன் இருக்கறது தெரிஞ்சது.

கொளத்தூர் கடைக்காரர் சொன்ன 'எல்லாம் ஒண்ணுதான்' இங்கதான் புரிஞ்சது. புள்ளி மீனும் கோட்டு மீனும் ஒரே இனம். ஒரு ஜீன்ல சின்ன மாத்தம், கோடு புள்ளியாயிடுது. பொன் நிறத்துல 'கோல்டன்'னு ஒரு வகை மீன். அதுல எந்த ஜீன் கெட்டுருக்குன்னு பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், 2005-ல அதே ஜீன்தான் மனுஷனோட தோல் நிறத்துலயும் பெரிய பங்கு வகிக்குதுன்னு சொன்னாங்க. ஃபேர்னஸ் கிரீமுக்குக் காசைக் கொட்டற ஊர்ல, கலர்ங்கிறது இவ்வளவுதான்னு ஒரு மீன் சொல்லிடுச்சு!

"இங்க வா, பாரு"ன்னு அக்கா மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டாங்க. கருத்தரிச்சு ரெண்டு நாள் ஆன கரு. அம்மா வயித்துக்குள்ள இல்ல, வெளியிலயே வளருது. அதுவும் கண்ணாடி மாதிரி, உள்ள நடக்கிறது எல்லாம் அப்படியே தெரியுது. முதல் செல் ரெண்டாப் பிரிய முக்கால் மணி நேரம். அப்புறம் கால் மணிக்கு ஒருதரம் ரெண்டு நாலாகி, நாலு எட்டாகி... ஒரே நாள்ல இதயம் துடிக்க ஆரம்பிச்சிடும். நேத்து வெறும் முட்டை, இன்னிக்கு உயிர்த்துடிப்பு!

கண்ணை வச்சேன். கண்ணுக்குக் கீழ, மஞ்சக் கருவுக்கு மேல, ஒரு துளி சுருங்கிச் சுருங்கி விரியுது. ரத்த செல்லு ஒண்ணு ஒண்ணா ஓடுறது தெரியுது. அக்கா ஸ்டாப்வாட்சை நீட்டினாங்க. பதினஞ்சு செகண்ட்ல 36 எண்ணினேன். நிமிஷத்துக்கு 144. ஐ.சி.யூ. வாசல் கண்ணாடி வழியா அப்பாவோட மானிட்டரைப் பார்த்து இதே மாதிரி எண்ணியிருக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது வெறும் பச்சைக் கோடுதான்.

அக்காவே ஆரம்பிச்சாங்க. 2002-ல அமெரிக்காவுல கென்னத் போஸ் குழு, வளர்ந்த ஜீப்ரா மீனோட இதயத்துல கீழறையில சுமார் 20 சதவிகிதத்தை வெட்டி எடுத்தாங்க. ரத்தம் உறைஞ்சு அடைச்சது. அந்த இடத்துல தழும்பு நிக்கல, ரெண்டே மாசத்துல புதுத் தசை வளர்ந்து மூடிடுச்சு. புதுத் தசை எங்கேர்ந்து வந்தது? 2010-ல அதுக்கும் பதில் கிடைச்சது. பக்கத்துல உயிரோட இருந்த தசை செல்களே தங்களோட வேலைக் கட்டமைப்பைக் கொஞ்சம் தளர்த்திட்டு, சின்னப் பிள்ளையாட்டம் திரும்பப் பிரிய ஆரம்பிக்குது.

"நமக்கு ஏன்க்கா அது முடியல?"

"அறவே முடியாதுன்னு இல்ல. ஸ்வீடன்ல 2009-ல ஒரு ஆராய்ச்சி. அணுகுண்டு சோதனையால காத்துல கலந்த கார்பனை வச்சு இதய செல்லோட வயசைக் கண்டுபிடிச்சாங்க. 25 வயசுல வருஷத்துக்கு 1 சதவிகிதம் செல்கள் புதுசாகுது. 75 வயசுல அரை சதவிகிதம்கூட இல்ல. ஆனா ஒரு பெரிய அட்டாக்ல 100 கோடி செல் வரைக்கும் போகலாம். வரவு பத்து பைசா, செலவு லட்ச ரூபா. பிறந்து ஒரு நாளான எலிக்குட்டிக்கு வெட்டின இதயம் வளருது, ஏழு நாளான குட்டிக்கு வளரலைன்னு 2011-ல பார்த்திருக்காங்க. அப்போ அந்தத் திறமை இருந்து, பூட்டு போட்டிருக்கு. மீன்கிட்ட பூட்டு இல்ல. சாவி எப்படி இருக்கும்னு மீன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கோம்."

கேக்கணும்னு வந்ததைக் கேட்டுட்டேன். "எங்கப்பாவுக்கு இது வந்து சேருமாக்கா?"

மழுப்பல. "பொய் சொல்ல மாட்டேன் தம்பி. மீனுக்கு இதயத்துல ரெண்டே அறை, நமக்கு நாலு. மீன்ல நடந்தது எலியில நடக்கணும், அப்புறம் பெரிய பிராணி, அப்புறம் மனுஷன். இடையில முக்கால்வாசி ஐடியா செத்துடும். உங்கப்பாவுக்கு இன்னிக்கு வேலை செய்யறது மாத்திரையும் நடையும் பீடியை விடறதும்தான். அதை விடாம பார்த்துக்க."

அவங்க மேஜையில ஒரு நோட்டு. தேதி, தொட்டி எண், எத்தனை மீன், எதுக்கு. கடைசி காலத்துல 'முடிவு'. வளர்ந்த மீனோட இதயம் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்க்க, அதை வெளியில எடுத்தாகணும். நெறிக்குழு அனுமதி வாங்கி, மயக்க மருந்து குடுத்து, வலி தெரியாம முடிக்கிறாங்க. "நாப்பது மீன்ல முடியற வேலைக்கு அம்பது மீன் எடுத்தேன்னா, அந்தப் பத்துக்கு நான்தான் பொறுப்பு. அதான் கணக்கு"ன்னாங்க. ஜோடி இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற உயிருக்குக் கணக்கு எழுதற இடத்தை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது ஒரு டிப்ஸ். "தொட்டி அடியில கோலிகுண்டு பரப்பி வை. முட்டை இடுக்குல விழுந்துடும். இல்லேன்னா பெத்ததுங்களே தின்னுடும்."

வாட்ச்மேன் ரூம்லேர்ந்து ஆறு பேரையும் மீட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். "எதுக்குடா தண்டச்செலவு?"ன்னு அப்பா. மறுநாளே சாப்பாடு போடற வேலையை அவர் எடுத்துக்கிட்டார். ரெண்டாவது வாரம், காலையில நடைக்குக் கிளம்பினவர் என்னை எழுப்பினார். கோலிகுண்டுக்கு நடுவுல கடுகைவிடச் சின்னதா, கண்ணாடி மணி மாதிரி முட்டைகள். டியூப் வச்சு உறிஞ்சி ஒரு கண்ணாடி டம்ளர்ல விட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு, பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

"ஏன்டா, உள்ள ஏதோ துடிக்குதே..."

"அதான்ப்பா ஹார்ட்டு."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டம்ளரை மெதுவா வச்சுட்டு, "மாத்திரை டப்பாவை எடு"ன்னார்.