அம்மாவின் வெந்நீர்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்றார்கள் பெரியோர். இரண்டு பெண்களுக்கு மணம் முடித்த பின், ஐம்பத்தாறாம் வயதில் தைப்பிங்கில் வீடு கட்டத் தொடங்கினேன். கல்லும் கம்பியும் தேர்ந்தெடுக்கையில் ஒற்றுமையாயிருந்த எங்கள் குடும்பம், குளிப்பதற்கு வெந்நீர் எவ்வழியில் வரவேண்டும் என்ற வினாவில் பிளவுபட்டது. வெப்ப நாட்டில் வெந்நீர் எதற்கு என்று கேட்போர், விடியற்காலையில் மெக்ஸ்வெல் மலையடிவாரத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்க்கட்டும்.

கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வேண்டும் என்றான் மகன். குழாயருகே சுவரில் மாட்டும் மின் கருவியே போதும் என்றாள் மனைவி. எண்பத்திரண்டு வயதான என் தாயாரோ, "எனக்குப் பச்சைத் தண்ணியே போதும்யா" என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த காலத்தில், விடியுமுன் ரப்பர் விறகு மூட்டித் தவலையில் நீர் காய்ச்சுபவர் அவர். பால் வெட்டப் புறப்படுமுன் எங்களுக்கென்று அதை மூடி வைத்துவிட்டுப் போவார். வெந்நீரின் அருமை அவருக்குத் தெரியாததன்று. அப்படியிருக்க, முந்தைய வாடகை வீட்டில் ஏறத்தாழ ஓராண்டாக அவர் தண்ணீரில்தான் குளித்து வந்திருக்கிறார். இருமல் விடாமல் வாட்டியபோதுதான் துருவிக் கேட்டோம்.

"குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருந்துச்சு. வயசாயிடுச்சில்ல, நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சேன்."

மின்பணியாளரை அழைத்துக் கருவியின் மூடியைத் திறந்தோம். பூமியோடு சேர வேண்டிய 'எர்த்' கம்பி எதனோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. எவர் மாட்டியதோ, அறியேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்று கற்பித்தவன் நான். என் வீட்டுக் குளியலறையில் ஒருமுறையேனும் அந்த மூடியைத் திறந்து பார்த்ததில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆதலால் புது வீட்டில் கணக்குப் போட்டே முடிவு செய்வதென்று உறுதிகொண்டேன். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரை 26 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1,176 கிலோ ஜூல் வெப்பம் தேவை. மின்கட்டணச் சீட்டின் கணக்கில் அது மூன்றில் ஒரு யூனிட். 3.6 கிலோவாட் கருவி ஐந்தரை நிமிடத்தில் அதைத் தந்துவிடும். எஞ்சியிருப்பவர் நால்வர். இவ்வளவு சிறிய தேவைக்காகப் பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துக் கூரைமேல் கலன் ஏற்றுவது எனக்குப் பொருந்தவில்லை. ஆள் நிறைந்த குடும்பமாயின் கணக்கு வேறாகும். மேலும், தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர் எங்களுடையது. இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டியவர்கள் வாழ்ந்த ஊர்! வானம் மூடிய நாள்களில் அந்தக் கலனும் மின்சாரத்தைத்தான் நாட வேண்டும். மகன் கணக்கைச் சரிபார்த்துவிட்டு மௌனமானான்.

மனைவியின் கட்சி வென்றது. ஆனால் என் நிபந்தனைகளோடு. கருவிக்கென்று தனி மின்தடம். உரிமம் பெற்ற பணியாளர். 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பொத்தான். சுவர்ப் பூச்சு பூசுமுன் 'எர்த்' கம்பியின் இரு முனைகளையும் நானே நின்று பார்த்தேன். பணியாளருக்கு என்மேல் எரிச்சல்தான். பள்ளியில் முப்பது ஆண்டு பிறர் எரிச்சலைத் தாங்கிப் பழகியவனுக்கு அது பெரிதில்லை.

எல்லாம் முடிந்தும் அம்மா குளியலறை வாசலிலேயே நின்றார். விளக்கவுரை பயன்படாதென்று உணர்ந்து, அவர் விரலைப் பிடித்துச் சோதனைப் பொத்தானில் வைத்தேன். 'டக்' என்று இணைப்பு அறுந்தது.

"இது தானா நிறுத்திக்குமா?"

"நிறுத்திக்கும்மா. ஆனா மறுபடி எறும்பு கடிச்சா என்கிட்டச் சொல்லணும்."

"சொல்றேன்யா."

இப்போது மாதப் பிறப்பன்று அந்தப் பொத்தானை அழுத்துவது அவர் பொறுப்பு. தூவாலைக் குழாயின் கீழ் மட்டும் இன்றுவரை நின்றதில்லை. வாளியில் பிடித்து, கையால் கலக்கிச் சூடு பார்த்து, போதாதென்றால் என்னை அழைக்கிறார்.