அயலானும் விருந்தினனும்

பகைவனைக் குறிக்க லத்தீன் பாஷையில் இரண்டு வார்த்தைகள் உண்டு. 'இனிமிகஸ்' என்பது ஒன்று. 'ஹோஸ்டிஸ்' என்பது மற்றொன்று. வேலித் தகராறில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அண்டை வீட்டுக்காரன் முதல் வகை. படை திரட்டி வந்து கோட்டையை முற்றுகையிடுபவன் இரண்டாம் வகை. சொந்தப் பகை வேறு, தேசப் பகை வேறு என்று ரோமாபுரியார் பிரித்து வைத்திருந்தனர்.

'இனிமிகஸ்' என்பதைப் பிரித்துப் பார்த்தால் 'நண்பன் அல்லாதவன்' என்பதே பொருள். அதுவே பிரெஞ்சு பாஷையின் வழியாக இங்கிலீஷில் புகுந்து 'எனிமி' ஆயிற்று. நம் முன்னோரும் இவ்வாறே பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது. நண்ணார், கூடார், ஒன்னார் என்னும் பழஞ்சொற்கள் எல்லாம் நெருங்காதவர், சேராதவர், ஒன்றாதவர் என்ற எதிர்மறைகளே அன்றோ?

'ஹோஸ்டிஸ்' என்பதன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஆதியில் அதற்கு அந்நியன் என்பதே பொருள். கி.மு. 44-ல் சிஸரோ தம் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில் இதைக் குறிப்பிடுகிறார். நாளடைவில் அந்நியன் பகைவனானான். 'ஹாஸ்டைல்' என்ற இங்கிலீஷ் சொல்லும், சேனை என்று பொருள்படும் 'ஹோஸ்ட்' என்ற சொல்லும் அவன் வழி வந்தவை. ஆனால் அதே வேரிலிருந்து 'ஹோஸ்பெஸ்' என்னும் வேறொரு கிளையும் தோன்றிற்று. அதற்கு விருந்தினன் என்றும் பொருள். விருந்தளிப்பவன் என்றும் பொருள். ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் யாவும் அதன் சந்ததிகள். 'கெஸ்ட்' என்ற சொல்லும் தூரத்து உறவுதான்.

நான் உபாத்தியாயராக இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டு விஷயம் அன்று. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. பின்னும் பல ஆலைகள் எழுந்தன. ஏரியும் நெல்வயலுமாக இருந்த கிராமங்களுக்குப் பீகார், ஒடிஸா, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் பிழைப்புக்கு வந்தார்கள். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய பெரிய ஹாஸ்டல் ஒன்றும் திறக்கப்பட்டது.

இப்படி வந்தவர்களை 2023 மார்ச் மாதத்தில் ஒரு பீதி பிடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பீகார் அரசாங்கத்தின் அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரித்தது. அவை வேறு சம்பவங்களின் காட்சிகள் என்பது வெளிப்பட்டது. எங்கோ புனைந்த ஒரு பொய், விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒரே வாரத்தில் பகைவராக்கப் பார்த்தது!

என் வகுப்பில் ஒரு நாள், "சேனையும் ஹோஸ்ட், விருந்து படைப்பவரும் ஹோஸ்ட் என்றால் எப்படி, ஸார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "வாசலில் புதியவன் ஒருவன் வந்து நிற்கிறான். வீட்டுக்காரன் செய்யும் முடிவைப் பொறுத்து அவன் பெயர் மாறுகிறது" என்றேன். கடைசி பெஞ்சியில் பீகார்த் தொழிலாளி ஒருவரின் மகன் உட்கார்ந்திருந்தான். வகுப்பில் அவனை எல்லோரும் 'இந்திக்காரன்' என்றே அழைத்து வந்தார்கள். அன்று சிலர் அவனைத் திரும்பிப் பார்த்தனர். அவனோ புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

தமிழிலும் இவ்விரண்டு வழிகளும் உண்டு. 'ஏதிலார்' என்றால் அயலார். பகைவர் என்றும் அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் 'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். புதிதாக வருகிறவனே விருந்தினன். அதற்குமேல் அவனிடம் வேறு தகுதி எதையும் நம் பாஷை கேட்கவில்லை.

ஒரே தேசத்தில் பிறந்தவனை அயலான் என்பதே பொருந்தாது. அப்படியே வைத்துக்கொண்டாலும், அவனை ஏதிலானாக்குவதா விருந்தினனாக்குவதா என்பதை ஆலைகளோ அரசாங்கமோ தீர்மானிப்பதில்லை. வாடகைக்கு அறை விடுகிறவரும், மளிகைக் கடைக்காரரும், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனுமே தீர்மானிக்கிறார்கள். கடைசி பெஞ்சிச் சிறுவனுக்கும் பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட லத்தீன் அறிவு வேண்டுவதில்லை.