தோட்டத்து ஜீப்புக்குப் பித்தளையா, இரும்பா?

திங்கள்

வெல்டிங்கில் இரண்டு தகடுகளின் விளிம்பும் உருகி ஒன்றாகின்றன. பிரேசிங்கில் தகடு உருகுவதில்லை. இடையில் ஓடும் பித்தளை மட்டும் உருகி, இரும்பின் மேல் ஈரம் பரவுவதுபோல் பரவிப் பிடித்துக்கொள்கிறது. கார் உடலுக்குப் பயன்படும் மென்னிரும்பு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். அறுபது பங்கு செம்பும் நாற்பது பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரியே போதும். இந்த 600 டிகிரி வித்தியாசத்தை வைத்து, வீட்டில் வேலை செய்பவருக்குப் பித்தளைதான் நல்லது, தகடு கோணாது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. அதில் பாதிதான் சரி.

ஏற்காட்டில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,515 மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகு, ஒரு மட்கார்டு ஓட்டைக்காக மறுபடி கீழே இறங்கி டிங்கர் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது. காப்பித் தோட்டங்களில் உரக்கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு கிரைண்டரும் வெல்டிங் செட்டும் கிடக்கும். ஓடாத பழைய ஜீப் ஒன்றும் கூடவே நிற்கும்.

துருவுக்கு இங்கே தனிக் காரணங்கள் இருக்கின்றன. சேர்வராயன் மலையின் செம்மண், மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் தோண்டித் தந்த மண். மட்கார்டின் உள்வளைவில் அது அப்பிக்கொண்டால் காய நாளாகும். அடுத்தது உரம். பொட்டாஷ் என்று மூட்டையில் வருவது பொட்டாசியம் குளோரைடு. சிந்தியது மூடுபனியில் ஈரமானால், கடற்கரை உப்பு செய்யும் வேலையை ஜீப்பின் தரையில் செய்துவிடும். மூன்றாவது, காப்பிச் செடிக்கு அடிக்கும் போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சரியான அளவில் சேர்ந்ததா என்று பார்க்க, இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுப்பது பழைய வழக்கம். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். சுண்ணாம்பு குறைந்த அந்தக் கலவை பீப்பாயிலிருந்து தளும்பினால், கத்திக்கு நடந்ததே வண்டித் தகட்டுக்கும் நடக்கும்: செம்பு படியும், இரும்பு கரையும்.

செவ்வாய்

எதால் பற்றவைப்பது என்பதற்கு முன், எந்தத் தகடு என்று பார்க்க வேண்டும்.

ஜீப்பில் எடையைத் தாங்குவது அடியில் ஓடும் சேஸிஸ். மேலே இருக்கும் உடல் அதன் மீது போல்ட் போட்டு உட்காரவைத்த பெட்டி. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து மலைத் தோட்டங்களில் அது நிலைத்ததற்கு, உடலை யாரும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். அம்பாசடர் அப்படியல்ல. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800உம் அப்படியல்ல. அவற்றில் தனி சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அந்தப் பெட்டிச் சட்டத்தில் விழுந்த ஓட்டையைப் பித்தளையால் மூடுவது எலும்பு முறிவுக்குப் பிளாஸ்திரி ஒட்டும் வேலை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையிலும், எடை தாங்கும் இடத்தில் பித்தளை வைத்துச் செய்த பழுதை ஏற்பதில்லை. தொழிற்சாலையிலேயே அப்படி இணைத்திருந்தால் மட்டும் விலக்கு.

ஆகவே பெட்டிச் சட்டம், தூண், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றில் விவாதத்துக்கே இடமில்லை, வெல்டிங்தான். மட்கார்டு விளிம்பு, கதவின் வெளித்தோல், பானெட், டிக்கி மூடி ஆகியவற்றில்தான் பித்தளையா இரும்பா என்று யோசிக்கலாம்.

புதன்

மூடுபனி. தகட்டில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிற நாள். இப்படிப்பட்ட நாளில் சி.ஓ.டூ வெல்டிங் (துப்பாக்கியில் கம்பியோடு கவச வாயுவும் சேர்ந்து வரும் வகை) செய்தால் பற்றில் குமிழ்க் குமிழாகத் துளை விழும். காற்று வீசினால் வாயுக் கவசமே கலைந்துபோகும். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, தகட்டை டார்ச்சால் லேசாகச் சூடுகாட்டி ஈரத்தை விரட்டிய பிறகுதான் தொடங்க முடியும். பிரேசிங்குக்கு வைக்கும் கேஸ் சுடருக்குத் தேவையான ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்தே வருவதால் மலைக் காற்றின் மெலிவு அதைப் பெரிதாகத் தொடாது. வெளிக்காற்றை இழுத்து எரியும் கைடார்ச்சுகள்தாம் இந்த உயரத்தில் சற்றுச் சோர்ந்துபோகும்.

சிலிண்டர் ஏற்றிவரும் விதத்தில் பலர் அசட்டை. அசிட்டிலீன் சிலிண்டருக்குள் அந்த வாயு அசிட்டோனில் கரைந்து நிற்கிறது. படுக்கவைத்துக் கொண்டைவளைவுகளில் உருட்டிக்கொண்டு வந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழியாமல் திறக்கக் கூடாது. திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியேறும். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கையோ கிரீஸோ படவே கூடாது. சிலிண்டருக்குப் பதில் கார்பைடு டிரம் வைத்து ஓட்டும் பட்டறைகளும் உண்டு. மாம்பழம் பழுக்கவைக்கக் கூடாது என்று தடைசெய்த அதே கல்தான். தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன் கிளம்பும். அந்த டிரம்மை வீட்டுக்குள் அனுமதிக்கவே கூடாது.

வியாழன்

பித்தளைப் பற்று நன்றாக அமைய வேண்டுமானால் தகடு சுத்தமாக இருக்க வேண்டும். வெல்டிங் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், பித்தளை பொறுக்காது. பெயின்ட், பழைய பட்டி, துரு எல்லாம் போய் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அரம் போட வேண்டும். மேல் தகடும் கீழ் தகடும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படிவின் அகலம் தகட்டின் தடிமனைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால், உருகிய பித்தளை தானாகவே உள்ளே ஏறிப் பரவும். பற்றின் வலிமை முழுவதும் அந்தப் பரப்பில் இருக்கிறது. வெளியே தெரியும் மஞ்சள் வரியில் இல்லை.

இதற்குச் சாட்சி சைக்கிள். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளின் பழைய சைக்கிள் சட்டங்களில் குழாய்கள் காதுக்கூடுகளுக்குள் செருகிப் பித்தளையால் பிடிக்கப்பட்டவை. நெல் மூட்டை ஏற்றியும் அவை விடவில்லை. சாலையோரப் பட்டறைகளில் பிரேசிங் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுவல்ல. அங்கே இரண்டு விளிம்புகளை எதிரெதிரே வைத்து, வெல்டிங் வரி போலப் பித்தளையை மேலே குவிக்கிறார்கள். பரப்பு குறைவு, பிடிப்பும் குறைவு. பித்தளைப் பற்று விட்டுப்போகும் என்று கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்த முறைதான்.

பொடியாகப் பயன்படுவது வெங்காரம், பொற்கொல்லர் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த அதே சரக்கு. சூட்டில் கண்ணாடிபோல் உருகி, இரும்பின் மேல் உள்ள துருப்படலத்தைக் கரைத்து, புதிதாகத் துரு உருவாகாமல் மூடி நிற்கும். தகடு செக்கச்செவேலென்று ஒளிரத் தொடங்கும்போது கம்பியைத் தொட வேண்டும். கம்பியைச் சுடரில் உருக்கித் தகட்டில் சொட்டவிடுவது தவறு. சுடரில் ஆக்சிஜன் ஒரு சிட்டிகை கூடுதலாக இருப்பது பித்தளைக்கு நல்லது. வெள்ளைப் புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது, துத்தநாகம் ஆவியாகிறது என்று அறியலாம். அதன் கொதிநிலை 907 டிகிரிதான். அந்தப் புகையை இழுத்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, காற்றோட்டம்தான் மருந்து.

வேலை முடிந்ததும் அந்த வெங்காரக் கண்ணாடியை வெந்நீரும் கம்பி பிரஷும் கொண்டு முழுக்க நீக்க வேண்டும். சோம்பலில் விட்டுவைத்தால் மேலே அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலத்துக்குள் உப்பி உரியும்.

வெள்ளி

இனி, தகடு கோணாது என்ற பேச்சு. வெப்பநிலை வேறு, தகட்டுக்குள் போகும் வெப்பத்தின் அளவு வேறு. ஊதுபத்தியின் நுனி தோசைக்கல்லைவிடச் சூடானது. ஆனால் அதில் தோசை வேகாது. சி.ஓ.டூ வெல்டிங்கின் பொறி இரும்பையே உருக்கும், ஆனாலும் ஒரு புள்ளியில் ஒரு நொடிதான் நிற்கிறது. கேஸ் சுடர் 3,000 டிகிரிக்கு மேல் எரிந்துகொண்டு, ஒரு கையகல இடத்தை 900 டிகிரிக்குக் கொண்டுவர மெதுவாக நகர்கிறது. தகட்டுக்குள் போகும் மொத்த வெப்பம் பிரேசிங்கில் பெரும்பாலும் அதிகம்.

அந்த வெப்பம் செய்வது இதுதான். பத்து சென்டிமீட்டர் இரும்புப் பட்டை 900 டிகிரிக்குச் சூடானால் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளப் பார்க்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதை விடாது. அதனால் சூடான பகுதி நீளாமல் தடிக்கும். ஆறும்போது தடித்தபடியே சுருங்கும். விளைவு, பற்றைச் சுற்றி இழுப்பு, சற்றுத் தள்ளித் தளர்ச்சி. விரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் மறுபடி வெளியே துள்ளும் கதவுத் தோல் இப்படிக் கெட்டதுதான். பானெட், கதவு போன்ற அகன்ற, தட்டையான பரப்பின் நடுவில் கேஸ் சுடர் வைக்கக் கூடாது. பித்தளை பொருந்துவது விளிம்புகளிலும் மூலைகளிலும் வளைவு மிகுந்த இடங்களிலும்தான். அங்கே வடிவமே தகட்டைக் கோணவிடாது.

சி.ஓ.டூ வெல்டிங்கிலும் ஒரே மூச்சில் வரி இழுத்தால் கோணும். புதிய தகடுகள் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான், 0.6 அல்லது 0.8 கம்பி போட்டு, இரண்டு விரல் இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று மாறி மாறி நிரப்ப வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறாமல் பக்கத்தில் அடுத்த புள்ளி வைக்கக் கூடாது. வீட்டு ஒற்றை இணைப்பில் நீண்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஓட்டினால் மின்னழுத்தம் இறங்கிப் பொறி விக்கும். அதைத் திறமைக் குறைவு என்று எண்ணிக் கம்பி வேகத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ராடு வைத்து அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங் இங்கே உதவாது. திருச்சி வட்டாரத்தில் பாய்லர் குழாயில் கைதேர்ந்தவரும் இவ்வளவு மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிட வாய்ப்பு உண்டு. தடித்த இரும்பில் பழகிய கை வேறு மாதிரி.

பழைய டிங்கர்களின் மூன்றாவது வழியும் உண்டு: பித்தளை இல்லாமல், செம்பு பூசிய இரும்புக் கம்பியோடு கேஸ் வெல்டிங். கோணும், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பற்று மிருதுவானது. பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை வைத்து முன்னால் சுத்தியால் தட்டித் தட்டி இழுப்பைத் திரும்ப நீட்டிவிடலாம். சி.ஓ.டூ வரி கடினமானது, தட்டினால் அவ்வளவு இணங்காது, அரைத்துத்தான் சமன் செய்ய வேண்டும். சுத்தி பிடிக்கத் தெரிந்தவருக்கு மூன்றிலும் உயர்ந்தது இதுவே. தெரியாதவருக்கு மூன்றிலும் மோசமானதும் இதுவே.

சனி

பித்தளை வைத்த இடத்தில் பின்னொரு நாள் வெல்டிங் செய்ய முடியாது. எஞ்சிய செம்பும் துத்தநாகமும் உருகிய இரும்பின் மணிகளுக்கு இடையே புகுந்து வெடிப்பு விழச் செய்யும். அரைத்து எடுத்தாலும் உள்ளே ஊறியது போகாது. மஞ்சள் தெரியும் தகட்டை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இரும்புவரை போய்த்தான் புதிதாகத் தொடங்க முடியும். வெல்டிங் சரியில்லை என்றால் அரைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். கற்றுக்கொள்ளும் கைக்கு இந்த வசதி பெரியது.

இரண்டாவது குறை, ஈரத்தில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது இரும்பு. உப்பில்லாத மலைப்பனியில் இது மெதுவாக நடக்கும். பொட்டாஷ் சிந்தும் ஜீப் தரையில் வேகமாக நடக்கும். எனவே ஜீப் தரை எடை தாங்காத இடமாக இருந்தும், உரம் ஏற்றும் வண்டியானால் அங்கேயும் வெல்டிங்தான் சரி. டிங்கர்கள் இதை ஒப்புவதில்லை. சீக்கிரம் முடிகிறது, ஓட்டை அடைகிறது, இரண்டு வருடம் தாங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. கூலிக்குச் செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். சொந்த வண்டிக்குப் பொருந்தாது.

ஆனாலும் பிரேசிங் பழங்காலத்தோடு முடிந்துபோன தொழில் அல்ல. துத்தநாகம் பூசிய தகடுகள் கார்களில் பரவியபோது தொழிற்சாலைகளே அதற்குத் திரும்பின. இரும்பை உருக்கும் சூட்டில் அந்தப் பூச்சு விளிம்பிலிருந்து வெகுதூரம் எரிந்துபோகிறது. சுமார் 3 சதவீதம் சிலிக்கன் கலந்த செம்புக் கம்பியை, ஆர்கான் வாயுக் கவசத்தோடு, வெல்டிங் துப்பாக்கியிலேயே போட்டால் ஏறத்தாழ 1,000 டிகிரியில் வேலை முடிகிறது. பூச்சு பெரும்பகுதி பிழைக்கிறது. பொறி ஒரு புள்ளியில் நிற்பதால் வெப்பமும் குறைவு. பித்தளைப் பக்கத்தவர் சொன்ன நன்மை உண்மையாகக் கிடைப்பது இந்த முறையில்தான். வீட்டில் உள்ள சி.ஓ.டூ மெஷினிலும், கம்பியையும் வாயுவையும் மாற்றினால் இதைச் செய்யலாம். கம்பியின் விலைதான் இடிக்கும்.

இன்றைய கார்களின் தூண்களில் இருக்கும் மிகை வலிமை எஃகு தனிக் கதை. கேஸ் சுடர் பட்டால் அதன் கடினம் போய்ச் சாதாரண இரும்பாகிவிடும். அவற்றை வீட்டில் தொடவே கூடாது.

ஞாயிறு

எந்த வழியில் பற்றவைத்தாலும் முன்னேற்பாடு ஒன்றே. பேட்டரி கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் கழற்ற வேண்டும். தரை விரிப்பு, உள்ளே ஒட்டிய தார் அட்டை எல்லாம் எடுத்துவிட வேண்டும். தகட்டின் மறுபக்கத்தில் அது கனன்று, ஆள் போன பிறகு தீப்பிடிப்பது உண்டு. வாளித் தண்ணீரோடு அரைமணி நேரம் காத்திருப்பது வேலையின் ஒரு பகுதி.

பிறகு பெயின்ட். பற்றின் வெளிப்புறம் பட்டி பார்த்து மெருகேறினாலும், துரு தொடங்குவது உட்புறத்தில். அங்கே பூச்சு எரிந்து வெற்று இரும்பாக இருக்கும். படிவு விளிம்பில் சீலன்ட் இழுத்து, பெட்டிப் பகுதிகளில் ஒரு சிறு துளை வழியே மெழுகு எண்ணெய் அடித்து, துளையை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியத் தொழிற்சாலை வைத்த ஓட்டைகள் இருக்கும். புதிய தகடு வைக்கும்போது பலர் அவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். இந்தத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இலைச் சருகு அவற்றை வேறு அடைக்கும். மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் ஒரு கம்பி விட்டு அவற்றைத் திறந்துவைக்க வேண்டும்.