உண்ணியும் உதிரமும்

மனிதன் தன் நோயை வாய்விட்டு உரைக்கிறான். வாயில்லா ஜீவனின் நோயையோ அதனை வளர்ப்பவர்தாம் கண்டறிந்தாக வேண்டும். அதிலும் உண்ணியால் வரும் காய்ச்சலை வெயிலின் சோர்வென்று எண்ணி வாளாவிருந்துவிடுவது எளிது.

நமது தென்னந்தோப்பின் காவல் நாய் ஒரு கோடையில் உணவை வெறுத்தது. காது மடல்களிலும் விரலிடுக்குகளிலும் பழுப்பு நிற உண்ணிகள் ஒட்டியிருந்தன, ஈறுகள் வெளுத்திருந்தன. மூக்கில் உதிரம் கசியக் கண்டதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் காது நுனியில் ஒரு சொட்டு உதிரம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் நோக்கினார். உண்ணிகள் பரப்பும் நோய்களுள் இரண்டு முக்கியமானவை. 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட 'எர்லிக்கியா' என்னும் கிருமி, வெள்ளணுக்களுள் குடிபுகுகிறது; உதிரத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் அதனால் குறைகின்றன. 'பபேசியா' சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குகிறது. அதன் ஒரு வகையான 'கிப்சோனி', 1910-இல் நமது சென்னையின் வேட்டை நாய்களிடம் கண்டு பேட்டன் என்பவரால் அறிவிக்கப்பட்டதாகும்.

இரண்டிலும் காய்ச்சலும் சோர்வும் உண்டு, மருந்தோ வெவ்வேறு. ஆகவே உதிரத்தைச் சோதிக்காமல் மருந்து தருவது முறையன்று. தகட்டில் கிருமி தென்படாவிடினும் நோயில்லையெனத் துணிதல் கூடாது. தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பிற சோதனைகளையும் மருத்துவர் சேர்த்தே நோக்குவர்.

நமது நாய்க்கு எர்லிக்கியா என்று தெரிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொன்னார். நான்காம் நாளே அது வாலையாட்டிக் கஞ்சி குடித்தது. "அதான் எந்திரிச்சு நடக்குதே முதலாளி, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார் தோப்புக் காவலர். அறிகுறி மறைவது வேறு, நோய் அகல்வது வேறு. மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் பதுங்கும் கிருமி, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும். அப்போது மச்சையே நலிந்துவிட்டால் மருந்து பயன் தருவது அரிது. இதை அவருக்கு எடுத்துரைத்து, 28 நாளும் தவறாது கொடுத்தோம்.

அத்துடன் கடமை முடியவில்லை. உதிரம் குடித்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. நாயை மட்டும் குணப்படுத்தி அதன் கொட்டிலை மறப்பது, நோயைத் திரும்ப அழைப்பதாகும். வெடிப்புகளைப் பூசி, மருத்துவர் சொன்ன மருந்தைத் தெளித்தோம். நாய்க்கும் உண்ணித் தடுப்பு மருந்தைத் தவணை தவறாது இடுகிறோம்.

நம் உடைமையைக் காக்கவென ஒரு ஜீவனைக் கட்டி வைத்தோமாயின், அதன் உயிரைக் காப்பதும் நம்மேல் விழுந்த கடனே.