ஆபீஸ் லேப்டாப்பில் அடுத்தவர் வேலை!

2020 லாக்டவுனில் சென்னை ஐ.டி. பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். மானாம்பதி மாதிரி ஊர்களில், ராத்திரி பதினோரு மணிக்கும் ரூமில் வெளிச்சம் தெரிந்தால், "இன்னுமாப்பா ஆபீஸ் முடியல?" என்று அம்மா கேட்பார். "முடிஞ்சிடும்மா, நீ படு" என்று பதில் வரும். சில வீடுகளில் அந்த நேரத்தில் ஓடியது வேறொரு கம்பெனியின் வேலை. இதற்குப் பெயர்தான் மூன்லைட்டிங்.

2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னதும் பலருக்குத் தூக்கம் போனது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, தன் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத வேலை என்றால் செய்துகொள்ளலாம் என்று ஸ்விகி அனுமதித்திருந்தது. இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்தது. அக்டோபரில், மேனேஜரிடம் முன் அனுமதி வாங்கினால் சரி என்று இறங்கி வந்தது.

இளைஞர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃப்ரெஷர் சம்பளம் வருஷத்துக்கு 3.5 லட்சத்தை ஒட்டியே பல ஆண்டுகளாக நின்றுவிட்டது. வீட்டுக் கடனும் தங்கை படிப்பும் அப்படி நிற்பதில்லையே! ஞாயிற்றுக்கிழமை சொந்த கம்ப்யூட்டரில் டியூஷன் எடுப்பவரைத் திருடன் என்பது அநியாயம். ஆனால் மீட்டிங்கில் மைக்கை மியூட் செய்துவிட்டு, கம்பெனி கொடுத்த லேப்டாப்பிலேயே அடுத்த கம்பெனிக்கு கோட் எழுதுவது வேறு. முதல் கம்பெனியின் ரகசியங்களும் அதே மெஷினில்தானே இருக்கின்றன?

மானாம்பதிக்காரர்களுக்கு இது புது விஷயமல்ல. பக்கத்து உத்திரமேரூரில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளின் பராந்தக சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் போட முடியாது என்கிறது விதி. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடைதான்!

இப்போது கணக்குக் காட்டிக்கொடுப்பது லேப்டாப்பில் ஓடும் கண்காணிப்பு சாஃப்ட்வேர். பி.எஃப். இன்னொரு வழி: ஒரே யு.ஏ.என். எண்ணில் இரண்டு கம்பெனிகளின் பணம் ஒரே மாதத்தில் விழுந்தால் மறைக்க முடியாது. தொழிற்சாலை ஊழியர் என்றால் சட்டமே குறுக்கே நிற்கும். ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை பார்க்க 1948-ம் ஆண்டு சட்டத்தின் 60-வது பிரிவு 2025 வரை தடை போட்டிருந்தது. ஐ.டி. ஊழியருக்கு அந்தத் தடை பெரும்பாலும் ஆஃபர் லெட்டரில் இருக்கும், சம்பளத் தொகையைப் பார்த்ததும் நாம் புரட்டாமல் விடும் பக்கங்களில்.