குழாய் வளையலாம், பார் வளையக்கூடாது

மாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளுக்குள் போகும் ஏற்றத்தில் ஒவ்வொரு காராக விட்டு, எடுத்த நேரத்தை வைத்து வெற்றி சொல்வார்கள். ரதல்லையிலும் இப்படி ஒரு மலையேற்றம் நடக்கிறது. ஏப்ரல் சீசனில் இவற்றைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் ஓட்டியவரின் பெயர் இருக்கும், காரின் பெயர் இருக்கும், நேரம் நொடிக் கணக்கில் இருக்கும். அந்தக் காரின் பொனட்டுக்குள் கை விட்டு வேலை செய்தவரின் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் கொட்டகலைப் பக்கம் போனேன்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் ஏ7 வீதியோரம், மேலே தோட்டத் தொழிலாளர் லயம், கீழே கொழுந்து மலை, நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். பையன்கள் அவரை 'பாஸ்' என்கிறார்கள். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. அவருடைய அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டர். ரோலருக்குப் பேரிங் மாற்றுவதும், கொழுந்தை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களை ஒட்டுவதும் அவர் வேலை. வெல்டிங்கை மகன் அங்கேதான் பழகியிருக்கிறார். காற்று எந்த வளைவில் திணறும், எதில் ஓடும் என்பது தனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும் என்றார். பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய சிராக்கோ டிரையர்கள் இந்த மலைநாட்டு ஸ்டோர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடியவை. அவற்றின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை கார் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பார்த்துப் பயப்படக் காரணமே இல்லை.

அன்றைக்கு உள்ளே நின்றது ஒரு பழைய மிற்சுபிஷி லான்சர். தலவாக்கலை இளைஞர் ஒருவருடையது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த ஒரு ஸ்ட்ரட் பாரையும், அலுமினியக் குழாயோடு வரும் ஓப்பன் எயார் ஃபில்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பூட்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அரைநாள் வேலை. சேர்த்துப் பூட்டும்போதுதான் சிக்கல். பார் எஞ்சினுக்கு மேலே குறுக்காகப் போகிறது. குழாயும் அதே இடத்தில்தான் எழும்பி நிற்கிறது. இரண்டில் ஒன்று வழி விட வேண்டும்.

எது வழி விட வேண்டும் என்பதைப் பாரின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாக நின்று, மேல் முனை பாடியோடு ஒட்டிய டவரில் பூட்டப்பட்டிருக்கும் அமைப்பு ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளருடையது. 1950களின் தொடக்கத்தில் ஃபோர்ட் கொன்சல் கார்களில் வந்து, பிறகு உலகத்தின் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் நிலைத்துவிட்டது. செலவு குறைவு, இடமும் குறைவு. ஆனால் வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரத்தின் பாரமெல்லாம் அந்த டவரின் தலையில் வந்து இறங்கும். டவர் மயிரிழை உள்ளே சாய்ந்தாலும் சக்கரம் தரையில் நிற்கும் கோணம் மாறிவிடும். இடது டவரையும் வலது டவரையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஒன்றின் சாய்வை மற்றது தாங்கும். பாரின் வேலை அவ்வளவுதான்.

அந்த வேலையை நேரான கம்பிதான் ஒழுங்காகச் செய்யும். நீளவாட்டில் தள்ளினால் நேர்க்கம்பி அசையாது. நடுவில் ஒரு வளைவு வைத்த கம்பியைத் தள்ளினால், வளைந்த இடம் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பார்வைக்குப் பார் இருக்கும், டவர் பழையபடியே அசையும். சந்தையில் எஞ்சினுக்கு மேல் அழகாக வளைந்து போகும் பார்கள் நிறைய உண்டு. தயாரிப்பவர்கள் நல்ல கனமான குழாயில் செய்தால் அவையும் ஓரளவு பயன்படும். ஆனால் கராஜில் ஃபில்டர் இடிக்கிறது என்பதற்காக நேர்ப் பாரை வெட்டி, வளைத்து, ஒட்டுவது அந்தப் பாரைக் கொன்றுவிடுவதற்குச் சமம்.

"காத்து வளைஞ்சு போகும் தம்பி. பாரம் வளைஞ்சு போகாது" என்றார் அண்ணன். வெட்டுவதென்றால் குழாயைத்தான் வெட்ட வேண்டும்.

குழாயைக் கீழே இறக்கிவிட்டால் போயிற்றே என்று நான் கேட்டேன். கொழும்பில் அப்படிச் செய்கிறார்கள். ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கி, குளிர்ந்த காற்றை எடுக்கிறார்கள். அவர் வெளியே வீதியைக் காட்டினார். தென்மேல் பருவத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பெய்கிற மழை இலங்கையிலேயே அதிகமான மழைகளில் ஒன்று. மலையிலிருந்து வரும் தண்ணீர் கானை விட்டு வீதிக்கு மேலேயே ஓடும். தாழ இருக்கும் ஃபில்டர் அந்தத் தண்ணீரில் முங்கினால் எஞ்சின் காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சும். நீர் அமுங்காது. கனெக்டிங் ரொட் வளையும், சில நேரம் பிளொக்கே உடையும். ஆகவே இந்த மலைநாட்டில் ஃபில்டர் மேலேதான் இருக்க வேண்டும். மேலேயோ பார் இருக்கிறது. மழையும் மலையும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நெருக்கடி கடற்கரை ஊரின் கராஜ்காரருக்குப் புரியாது.

உயரத்தின் கணக்கு ஒன்றும் உண்டு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலு இழக்கும். இந்த இழப்பை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. விளம்பரம் எதைச் சொன்னாலும் இதுதான் உண்மை. குளிர் மட்டும் கொஞ்சம் உதவுகிறது. அங்கே காற்று கொழும்பைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்திருப்பதால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும். ஓப்பன் ஃபில்டரை அப்படியே எஞ்சினுக்குப் பக்கத்தில் விட்டால், ரேடியேட்டரின் சூட்டையும் எக்ஸோஸ்ட்டின் சூட்டையும் உறிஞ்சி அந்த நான்கையும் தொலைத்துவிடும். எனவே அண்ணன் ஃபில்டரைச் சுற்றி ஒரு தகரத் தடுப்பு போட்டார். கிரில்லின் ஓரத்திலிருந்து குளிர்காற்று அந்தத் தடுப்புக்குள் வந்து விழ ஒரு வழியும் வைத்தார். கராஜில் நான் பார்த்தவற்றில் என் மனதுக்குப் பிடித்த பொருள் அந்தத் தகரத் தடுப்புதான். ஸ்டோர்க்காரப் பிள்ளையின் கை அதில் தெரிந்தது.

பாரைப் பூட்டுவதற்கு முன் டவரின் ஓரங்களை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தார்கள். இந்த ஈரக் காற்றில் ஒட்டுக்களின் இடுக்கில் துரு பிடிக்கும். பெயின்ட் அதை மூடி வைத்திருக்கும். துருப்பிடித்த டவரில் பார் போட்டால் பாரம் போய்ச் சேர இடமே இல்லை. அந்த லான்சரில் ஒரு பக்கம் சத்தம் மந்தமாக வந்தது. சுரண்டிப் பார்த்து, டிங்கர் வேலை முடித்து, இரண்டு நாள் கழித்துத்தான் பூட்டினார்கள். காரின் சொந்தக்காரருக்கு அவசரம். அண்ணன் அசையவில்லை.

காரை ஜக்கில் தூக்கிப் பார் பூட்டக்கூடாது. நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் டவர்கள் தங்கள் உண்மையான இடத்தில் இருக்கும். டவரின் மேலே வட்டமாக இருக்கும் சின்ன நட்டுகளை மட்டும் கழற்றி, பாரின் தட்டை வைத்து, கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்குகிறார்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டில் கை வைக்கவே கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை அதுதான் பிடித்திருக்கிறது, கழன்றால் உயிர் போகும். புதிதாகச் சேர்ந்த பையனிடம் இதை அண்ணன் சொல்லும்போது சிரிப்பு, கேலி எதுவும் இல்லை.

பிறகு குழாய். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும் பொருள், பார் பாடியோடு நிற்கும் பொருள். நின்ற நிலையில் இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் போதாது. ஒரு பையன் பிரேக்கை மிதித்துக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை மெல்ல விட, எஞ்சின் முன்னும் பின்னும் சாய்ந்தது. இன்னொரு பையன் பக்கவாட்டில் நின்று இடைவெளியைப் பார்த்தான். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினைப் பாரின் மேலும் குழாயின் மேலும் உருண்டையாக ஒட்டி, பொனட்டை மூடித் திறந்து, அமுங்கிய கனத்தை அளந்தார்கள். ஒரு விரல் கனமாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் அளவு. மிஞ்சவில்லை. குழாயை இரண்டு இடத்தில் வெட்டி, பாருக்குக் கீழே நுழைந்து போகும்படி திருப்பி, சிலிக்கன் ஹோஸால் இணைத்தார்கள். காற்றை அளக்கும் சென்சருக்கு முன்னால் மட்டும் நேரான துண்டை விட்டுவைத்தார்கள். வளைவை ஒட்டிச் சென்சர் இருந்தால் காற்று சுழன்று வரும், அளவு பிழைக்கும், ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கும். பழைய ஃபில்டர் பெட்டிக்கு வந்துகொண்டிருந்த பிரீதர் குழாயையும் மறக்காமல் புதிய குழாயில் சேர்த்தார்கள். பலர் அதை அப்படியே திறந்து விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் புகை வெளியே போகும், ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய புகைச் சான்றிதழுக்குப் போகும்போது கேள்வி வரும்.

இதெல்லாம் முடிந்த காரை வீதியில் ஓட்டினால் எவ்வளவு வித்தியாசம்? அண்ணன் நேராகச் சொன்னார்: "புதுக் காருன்னா பெருசா தெரியாதுங்க. பழைய பாடிக்கு ஸ்டியரிங்ல தெரியும். வேகம் கூடாது." அவர் சொன்னது சரி என்பது என் எண்ணமும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இங்கே வீதியில் ஓடும் கார்கள் நிறையவே முதியவை. அவற்றின் பாடி தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ச்சிக்குப் பார் ஒரு கைத்தாங்கல்.

ஆனால் பாருக்கு முன்னால் பிரேக். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லை இறக்கத்தில் பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒன்று வானிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்ததை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. கராஜுக்கு வரும் எந்த இளைஞரிடமும் அண்ணன் முதலில் கேட்பது பிரேக் பேட்டையும் பிரேக் எண்ணெயையும் எப்போது மாற்றினீர்கள் என்பதைத்தான். பதில் திருப்தியில்லாவிட்டால் பார் மூலையில் சாய்த்து வைக்கப்படும். அன்றும் லான்சரின் சக்கரங்கள் முதலில் கழன்றன.

அங்கே வேலை செய்த மூன்று பையன்களும் லயத்துப் பிள்ளைகள். டவரின் துருவைத் தட்டியே கண்டுபிடிக்கிறார்கள், எஞ்சினின் ஆட்டத்தைக் கண்ணால் அளக்கிறார்கள். ஆனால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை கேட்டுப் போனால் காட்ட ஒரு தாளும் இல்லை, உதவியாளர் சம்பளம்தான் கிடைக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, வகுப்புக்குப் போகாமலே தொழில் பழகியவர்களின் முன் அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் தருகிறது. கராஜ் நடத்தும் அண்ணன்மார் தங்கள் பையன்களை அந்த மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஹட்டனிலும் தலவாக்கலையிலும், தமிழில் நடத்தித் தரும்படி நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்டு வாங்க வேண்டும்.