மோகனூரிலிருந்து மோரேவுக்கு

நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்பார்கள். மோகனூர்த் தேநீர்க் கடைகளில் கௌஹாத்தி, திமாப்பூர், சில்சார் என்ற பெயர்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போல அடிபடும். காவிரிக் கரையில், கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு வடகிழக்கைப் பற்றிப் பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனாலும் மோரே என்று சொன்னால் ஓட்டுநர்களில்கூட நாலைந்து பேர்தான் தலையசைப்பார்கள். மணிப்பூரின் தென்கிழக்கில், தலைநகர் இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் வரும் எல்லை ஊர் அது. அதற்கு அப்பால் பர்மா. அந்த ஊருக்குப் போக நாங்கள் 2019 முதல் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் என்பது மூன்று பேர். ஒரே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் படிக்கிறவர்கள். 2019இல் ஒரு மாதம் வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயண’த்தை எடுத்துக்கொண்டோம். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தியவர், போர்க்காலத்தில் மனைவியோடு நடந்து இந்தியா வந்த கதை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அங்கிருந்து வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தமு வழியாக மணிப்பூருக்குள் ஏறிப் பலேலில் சமவெளியைத் தொடும் பாதை அந்த வழிகளில் ஒன்று. வரைபடத்தை விரித்து அந்தப் பாதையை விரலால் தொடர்ந்தபோதுதான் மோரே எங்கள் கண்ணில் பட்டது. ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இலக்கியக் கூட்டங்களில் சொல்லப்படும் இத்தகைய வாக்கியங்களுக்கு ஆயுள் குறைவு. இது பிழைத்துக்கொண்டதற்கு எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்ததுதான் காரணம்.

‘பர்மாக்காரம்மா’ என்றால்தான் அவரைத் தெரியும். பர்மாவில் பிறந்து, 1965இல் கப்பலில் சென்னைக்கு வந்து, புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்தங்களிடம் சில காலம் இருந்து, கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு மோகனூருக்கு வந்தவர். நாங்கள் மோரேயைப் பற்றிப் பேசியது எப்படியோ காதில் விழுந்து, அவரே வீட்டுக்கு வந்து கேட்டார்: “எங்க அண்ணன் அங்கதான் இருக்கு தம்பி. போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?”

அண்ணன் அங்கே போன கதை தனியொருவர் கதையன்று. 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. மூன்று தலைமுறையாக அங்கே உழைத்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கிளம்பினார்கள். தமிழ்நாட்டுப் பர்மா காலனிகளும் சென்னையின் பர்மா பஜாரும் அத்தோவும் மொகிங்காவும் அந்த வரவின் மிச்சங்கள். வந்தவர்களில் சிலருக்குத் தாய்நாடு என்று சொல்லப்பட்ட இந்த நாடு ஒட்டவில்லை. முகாம் வாழ்க்கை பொறுக்காமல், நிலவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். பர்மா அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அந்த இடம் மோரே.

1942இல் அந்த மலையைக் கடந்தவர்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள்; இருபது ஆண்டுகள் கழித்துப் போனவர்கள் அதே பாதையில் பர்மாவை நோக்கி. சர்மாவின் நூலுக்கு எதிர்த்திசையில் ஒரு நூல் இருந்திருக்க வேண்டும். யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதக்கூடியவர்கள் கடை வைத்துப் பிழைப்பதில் மும்முரமாக இருந்திருப்பார்கள்.

பிழைத்தும் காட்டினார்கள். பர்மிய மொழியும் பழக்கவழக்கங்களும் தெரிந்தவர்கள் என்பதால் எல்லை வணிகம் அவர்கள் கையில் வளர்ந்தது. 1994இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டு மோரே வழியே முறைப்படி வணிகம் தொடங்கியபோது, அதற்கு முப்பது ஆண்டு முன்பே கடை விரித்தவர்களாக அவர்கள் இருந்தார்கள். அந்தச் சின்ன ஊரில் குக்கிகளும் மெய்தெய்களும் நாகர்களும் நேபாளிகளும் பஞ்சாபிகளும் மார்வாடிகளும் தமிழர்களோடு தெருவைப் பகிர்ந்துகொண்டார்கள். தேவாலயம், மசூதி, குருத்துவாரா, புத்த ஆலயம் ஆகியவற்றுக்கிடையே தமிழர்கள் எழுப்பிய அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. தமிழ்ச் சங்கம் ஒன்றும் உண்டு. எங்கள் மோகனூரிலும் நாவலடிக் கருப்பண்ணசாமி காவல் இருக்கிறார். காவல் தெய்வத்தை எல்லைச்சாமி என்பது நம் வழக்கு. ஊர் எல்லைக்கென்று வைத்த அந்தப் பெயருக்குத் தகுந்தாற்போல, முனீஸ்வரரை ஒரு நாட்டின் எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் மோரே தமிழர்களாகத்தான் இருப்பார்கள்.

திட்டத்துக்கு வருவோம். முதலில் 2020 ஏப்ரல் என்று குறித்தோம். மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, எல்லை வாயிலும் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மறுபடியும் ராணுவ ஆட்சி. 2022 ஜூலையில், தமுவுக்குப் போன மோரே தமிழ் இளைஞர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே 3ஆம் நாள் மணிப்பூரிலேயே தீப்பற்றியது. மோரேயில் இருந்த மெய்தெய்கள் வெளியேறினார்கள். இம்பால் பள்ளத்தாக்கில் இருந்த குக்கிகள் வெளியேறினார்கள். இரண்டு தரப்பிலும் சேராத தமிழர் வீடுகள் சிலவும் எரிந்தன. மாநிலமெங்கும் இணையம் முடக்கப்பட்டிருந்த அந்த நாட்களில் பர்மாக்காரம்மா பதினோரு நாள் கைபேசியை மடியிலேயே வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் அண்ணன் பேசினார். வீடு தப்பியது, பேரனின் கடை போயிற்று. இங்கே வந்துவிடச் சொல்லித் தங்கை அழுததற்கு அவர் சொன்ன பதிலை அந்தம்மா எங்களிடம் அப்படியே சொல்வார்: “ரெண்டு தடவ ஊர விட்டு நடந்தாச்சு. மூணாவது தடவைக்குக் கால் இல்ல.”

இப்போது எங்கள் மேசையில் கிடக்கும் தாளில் இவ்வளவு இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் சேலத்தில் நிற்கிறது. இரண்டரை நாளில் திமாப்பூரில் இறங்கலாம். அங்கிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் தனித்தனியாக இன்னர் லைன் பெர்மிட் எடுக்க வேண்டும். 1873இல் ஆங்கிலேயர் போட்ட ஒழுங்குமுறையிலிருந்து வந்த அனுமதி அது. மணிப்பூருக்கு 2019 டிசம்பரில்தான் நீட்டிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து நவம்பரில் போனால் மண்சரிவுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை.

இம்பாலுக்குப் பிறகுள்ள பகுதியில்தான் தாள் வெறுமையாக இருக்கிறது. தௌபால், பலேல் வரை சமவெளி. அதற்கு மேல் தெங்னோபால், லோக்சாவ் என்று மலை. கலவரத்துக்குப் பிறகு மெய்தெய் ஓட்டுநர் பலேலைத் தாண்டமாட்டார்; குக்கி ஓட்டுநர் கீழே இறங்கமாட்டார். இரு பகுதிக்கும் இடையே வண்டி ஓட்டியவர்களில் பலர் மெய்தெய் மொழி பேசும் பங்கால் முஸ்லிம்கள். பாலைத்திணையில் தலைவன் வேற்றுமொழி நிலத்தைக் கடப்பதை இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறோம். ஒரே சாலையில் ஓட்டுநரை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலத்துக்கு எந்தத் திணையும் வகுக்கப்படவில்லை.

இந்த நிலையில் போகத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். காயம்பட்ட ஊரை வேடிக்கை பார்க்கப் போவது அநாகரிகம் என்றார் ஒருவர். அது சரிதான்; நாகப் போர்வை வாங்குவது, எல்லைக் கல்லருகே படம் எடுப்பது என்று முதல் தாளில் எழுதியிருந்தவற்றை எல்லாம் அடித்துவிட்டோம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கேடு நேர்ந்தால் கேட்கப் போகாமல் இருப்பதுதான் அநாகரிகம். காரியத்துக்குப் போக முடியாதவர்கள் மாதம் கழித்தாவது போய்த் திண்ணையில் அரை நாழிகை உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அதிகம் பேசமாட்டார்கள். புறப்படும்போது போய் வருகிறேன் என்றும் சொல்லமாட்டார்கள். கேட்கப் போகிறவர்களாகப் போனால் போகலாம் என்ற இடத்தில் மூவரும் ஒத்துப்போனோம். அப்படியானால் அண்ணன் வீட்டுக்கு மட்டும் போய்த் திரும்ப முடியாது. இம்பாலில் நிவாரண முகாமுக்கு வந்து சேர்ந்த மோரே மெய்தெய்கள், மலையில் தங்கியிருக்கும் குக்கிகள், இருவர் திண்ணையிலும் உட்கார வேண்டும். தாளில் இரண்டு நாள் கூட்டினோம்.

அடுத்த கேள்வி பர்மாக்காரம்மா. வயது எண்பதைக் கடந்துவிட்டது. முதலில் நாங்கள் மூவர் போய் நிலைமையைப் பார்ப்பது, சரியென்றால் ஜனவரியில் அவரை விமானத்தில் அழைத்துப் போவது என்று முடிவுசெய்து அவர் வீட்டில் போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். காபி கொடுத்தார். பிறகு சொன்னார்: “நீங்க பார்த்துட்டு வந்து சொல்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இருக்கணும்ல தம்பி. கப்பல்ல பெட்டிமேல குந்திட்டு வந்தவ நான். ரயில்ல படுத்துட்டு வர மாட்டனா?”

இம்பால் வரை அவர் வரட்டும், பலேலுக்கு மேல் போவதை அங்கே அண்ணன் வீட்டாரைக் கேட்டு முடிவுசெய்யலாம் என்கிறார் எங்களில் இருவர். இம்பால் வரை வந்த அண்ணன் தங்கையை 110 கிலோமீட்டரில் நிறுத்திவைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை, அதனால் இப்போதே முடிவு வேண்டும் என்கிறார் மூன்றாமவர். அந்தம்மாவின் மகன் இன்னும் சம்மதிக்கவில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நவம்பர் இரண்டாம் வாரப் பயணத்துக்குச் செப்டம்பரில் சீட்டு எடுக்க வேண்டும். மூன்று சீட்டா, நான்கு சீட்டா என்பது அதற்குள் தெரிய வேண்டும்.